தகடு வெட்டும் முன்: பழைய ஃபோக்ஸ்வேகன் வேனுக்கு பாப்-டாப் கூரை பொருத்தும் முழுமையான வழிகாட்டி

எங்கள் வேன் 1976-ல் ஹானோவர் ஆலையில் செய்தது. ஃபோக்ஸ்வேகன் டி2. முன்கண்ணாடி ஒரே துண்டாக வளைந்திருப்பதால் இங்கே இங்கிலாந்தில் இதை 'பே விண்டோ' என்பார்கள். வாங்கும்போது கூரை முழுத் தகடு. பின்னால் ஒரு மடிப்புக் கட்டில் மட்டும். இருவர் தாராளமாகப் படுக்கலாம், கைக்குழந்தை இருந்தால் மூவர். இரண்டாவது பிள்ளையும் பிறந்து காலை நீட்டிப் படுக்கத் தொடங்கியபின், நான்காவது ஆள் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு தூங்கும் நிலை வந்தது. அந்த நான்காவது ஆள் நான்.

அதனால் கூரையை வெட்டி, மேலே எழும்பும் கூரை, அதாவது பாப்-டாப், வைத்தோம். வெட்டுவதற்கு ஆன நேரம் ஒரு மணிக்குச் சற்று மேல். அதற்கு முன்னால் செய்த ஆயத்தங்களுக்கு இரண்டு மாதம். ஒட்டியது காய்வதற்கு ஒரு வாரம். இந்த வேலையில் எல்லோரும் பயப்படுவது வெட்டுவதற்கு. பயப்பட வேண்டியது வெட்டுவதற்கு முன்னும் பின்னும் உள்ளதற்குத்தான்.

காரணம் எளியது. லாரிக்கு இருப்பதுபோல் இந்த வேனுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரை, பக்கங்கள், கூரை எல்லாம் சேர்ந்த ஒரே பெட்டிதான் வண்டியின் எலும்புக்கூடு. செருப்பு வரும் அட்டைப்பெட்டியின் மூடியைச் சுற்றிலும் டேப் போட்டு ஒட்டிவிட்டு முறுக்கிப் பாருங்கள். அசையாது. மூடியில் பெரிய ஓட்டை போட்டுவிட்டு முறுக்குங்கள். அதே முறுக்கு உங்கள் வேன் பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் நடக்கும். ஆகவே நாம் செய்யப்போவது ஓட்டை போட்டு மூடி வைக்கும் வேலை அல்ல. எடுத்த பலத்தை வேறு வழியில் திருப்பிக் கொடுக்கும் வேலை.

முதலில் யார் எங்கே படுப்பது?

கூரை வகையைத் தேடுவதற்கு முன் வீட்டுக் கூடத்துத் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் படுக்கையின் அளவை வரையுங்கள். டி2-வில் அலமாரிக்கு இடம் விட்டுப் போடும் முக்கால் அகலக் கட்டில் சுமார் 110 முதல் 120 செ.மீ. மேல் படுக்கையும் பெரும்பாலும் அதே அளவில்தான் அமையும். பிள்ளைகளை அதற்குள் படுக்கச் சொல்லுங்கள், ஒருவர் தலை ஒரு பக்கம், மற்றவர் தலை மறுபக்கம் என்றும் முயலுங்கள். பிறகு நீங்கள் படுங்கள். விளம்பரப் படத்தில் 'நால்வருக்கு' என்று போட்ட கூரைகளில் பாதியை இந்த டேப் கழித்துவிடும்.

வயதையும் கணக்கில் எடுங்கள். அடுக்குக் கட்டிலுக்கான ஐரோப்பியத் தரநிலையே ஆறு வயதுக்குக் குறைந்தவர்களை மேல் தட்டில் படுக்க வைக்க வேண்டாம் என்கிறது. வேனுக்கும் அதையே வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் சின்னவனுக்கு அப்போது நான்கு வயது. அவனுக்கு ஓட்டுநர் இருக்கைக்கு மேல் இரண்டு குழாய்களில் கித்தான் மாட்டிய தொட்டில் போட்டோம். ஃபோக்ஸ்வேகன் கேம்பர்களில் இது பழைய முறை. சிறு பிள்ளைக்கு நன்றாகவே போதும். நான் மேலே, மகள் கீழே என் மனைவியோடு என்று மாற்றி மாற்றிப் படுத்த இரவுகளும் உண்டு.

இன்னொன்று: மேலே இரண்டு பேர் படுக்கலாம் என்பதால் வண்டியில் கூடுதலாக இரண்டு பேர் பயணம் செய்ய முடியாது. சீட்பெல்ட் உள்ள இருக்கைகள் எத்தனையோ அத்தனை பேர்தான்.

எந்தக் கூரை?

எழும்பும் கூரை இந்த வண்டியோடு சேர்ந்தே வளர்ந்த பொருள். ஜெர்மனியின் வீடன்ப்ரூக் ஊரில் இருந்த வெஸ்ட்ஃபாலியா 1951-ல் கேம்பிங் பெட்டி செய்யத் தொடங்கியது. இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்து ஃபோக்ஸ்டனில் இருந்த மார்ட்டின் வால்டர் கம்பெனியின் 'டார்மொபில்', சிட்மத்தின் 'டெவன்', பிறகு 'வைக்கிங்' என்று ஒவ்வொருவரும் தம் பாணியில் கூரையைத் தூக்கினார்கள். இன்று வாங்கும் கிட்கள் பெரும்பாலும் இந்தப் பழைய வடிவங்களின் வழிவந்தவையே.

பக்கவாட்டில் கீல் வைத்த டார்மொபில் வகை பார்க்க அழகு. கோடு போட்ட கித்தான் விசிறி மாதிரி விரியும். ஓரங்களில் சுருட்டி வைக்கும் ஸ்ட்ரெச்சர் படுக்கைகள், பிள்ளைகளுக்குத் தோது. பெரியவர்கள் படுத்தால் காலையில் முதுகு பேசும். வைக்கிங் வகையில் மேல் படுக்கை வண்டியின் பக்கச் சுவரையும் தாண்டி வெளியே நீளும். அகலத்தில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் திறந்தால் காற்றுக்கு அவ்வளவு பெரிய பாய்மரம்.

முன்பக்கமோ பின்பக்கமோ கீல் வைத்து ஆப்பு வடிவில் எழும்புவது மூன்றாவது வகை. குடும்பத்துக்கு நான் சொல்வது இதைத்தான். நீளப் பலகையில் மெத்தை போட்டு இருவர் படுக்கலாம், கீழே நிற்கவும் தலை இடிக்காது. இதில் கீல் எந்தப் பக்கம் என்பது சின்ன விஷயம் அல்ல. கீல் முன்னால் இருந்தால், ஓடும்போது தாழ்ப்பாள் விட்டாலும் எதிர்க்காற்று கூரையை அமுக்கும். கீல் பின்னால் இருந்தால், அதே காற்று முன் விளிம்புக்கு அடியில் புகுந்து கூரையைத் தூக்கப் பார்க்கும். இட அமைப்பில் பின்கீல் வசதியானதாக இருக்கலாம், நானும் மறுக்கவில்லை. எடுத்தால் தாழ்ப்பாள் இரண்டு, அவற்றோடு சேராத தனி நாடா ஒன்று என மும்மடங்கு காவல் வையுங்கள்.

எப்படி வாங்குவது என்பதற்கும் இரண்டு வழி. புதிய கிட் வாங்கலாம். அல்லது துருப்பிடித்து ஓடாமல் போன ஒரு வெஸ்ட்ஃபாலியா வேனிலிருந்து கூரையை, அதன் அடியிலுள்ள எஃகுச் சட்டத்தோடு சேர்த்து வெட்டி எடுக்கலாம். பழையதில் ஆலை வைத்த பலப்படுத்தல் அப்படியே கிடைக்கும். ஆனால் அதை ஒட்டவைக்க நல்ல வெல்டர் வேண்டும். புதிய கிட் எடுத்தால் அதில் உள்சட்டம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஃபைபர்கிளாஸ் ஓடு, கீல், கித்தான் மட்டும் இருந்து, வெட்டிய விளிம்பைச் சுற்றி வரும் எஃகுச் சட்டம் இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

பிரேசிலில் செய்த டி2 வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே இந்த வண்டி 2013 வரை உற்பத்தியானது, ஆனால் 1997 முதல் அதன் கூரை உயர்த்தப்பட்டது. 1967 முதல் 1979 வரையிலான ஜெர்மன் வேனுக்குச் செய்த ஓடு அதன்மேல் உட்காராது.

வண்டி தாங்குமா?

கூரையை வெட்டும் ஆசை வந்தவர் முதலில் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகள், ஜாக்கி வைக்கும் இடங்கள், தரையைத் தாங்கும் குறுக்குக் கைகள், முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், கூரை ஓரத்து மழைநீர்ப் பள்ளம். இவை ஐந்தையும் திருப்புளியால் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்றால் சரி. 'பொத்' என்றால் உள்ளே துரு. சில் உளுத்த வண்டியில் கூரையை வெட்டினால் நடு வண்டி தொய்ந்து, சறுக்குக் கதவு மூட மறுக்கும். முதலில் சில், பிறகு கூரை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

உங்கள் வண்டி அபூர்வமானதா என்றும் பாருங்கள். ஆலையில் என்னென்ன வைத்து அனுப்பினார்கள் என்பது வண்டியிலுள்ள எம்-கோடு தகட்டில் எண்களாக இருக்கும். அதைப் படித்துச் சொல்லும் ஆர்வலர்கள் நிறைய. மாற்றமே செய்யாத அரிய வண்டி என்று தெரிந்தால், வெட்டாமல் கூடாரம் வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது.

காகித வேலை

இது சலிப்பான பகுதி, சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனத்துக்கு வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். வெட்டிய பிறகு சொன்னால் பேரம் அவர்கள் கையில். 40 ஆண்டு தாண்டிய வண்டிக்குச் சாலை வரி விலக்கும், எம்ஓடி என்னும் ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கும் கேட்கலாம். ஆனால் கடந்த 30 ஆண்டுக்குள் 'கணிசமான மாற்றம்' செய்திருந்தால் எம்ஓடி விலக்கு இல்லை. உங்கள் வேலை அதில் வருமா என்பதை வண்டிப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-விடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் விலக்கு கேட்கவே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை வேறொருவர் அடியில் பார்ப்பது நமக்குத்தான் நல்லது.

பதிவில் 'மோட்டார் கேரவன்' என்று மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை. டிவிஎல்ஏ எதிர்பார்க்கும் வெளி அடையாளங்களில் நிலையான உயர்கூரை உண்டு, எழும்பும் கூரை கணக்கில் வராது என்றே எழுதியிருக்கிறார்கள். பாப்-டாப்பை நம்பி விண்ணப்பம் போடாதீர்கள்.

ஜெர்மனியில் இருப்பவர்கள் கிட்டோடு சோதனைச் சான்றிதழ் வருகிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அது இல்லாமல் டூஃப் என்னும் வாகனத் தகுதிச் சோதனையில் கூரையைப் பதிவுத்தாளில் ஏற்றுவது பெரும்பாடு.

வெட்டுவதற்கு முன்: முட்டுக் கொடுத்தல்

வண்டியை மட்டமான தரையில், நான்கு சக்கரத்திலும் நிறுத்துங்கள். ஒரு மூலையில் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தால் பெட்டி ஏற்கெனவே முறுக்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் வெட்டி, சட்டத்தையும் ஒட்டிவிட்டால் கோணல் நிரந்தரமாகிவிடும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். உள்கூரைத் துணி, விளக்கு வயர்கள், கூரையைத் தொடும் அலமாரிகள் எல்லாம் வெளியே வரட்டும். கண்ணாடிகளின்மேல் பழைய போர்வை போடுங்கள்.

இனி அளவு எடுப்பது. சறுக்குக் கதவு வாயிலின் இரண்டு மூலைவிட்டங்கள், முன்கதவு இரண்டின் இடைவெளிகள், உள்ளே பள்ளத்திலிருந்து எதிர்ப் பள்ளம் வரை மூன்று இடங்களில் அகலம். எல்லாவற்றையும் வண்டி உள்சுவரிலேயே மார்க்கரால் எழுதுங்கள், தாளில் எழுதினால் தொலையும். வெட்டியபின், ஒட்டியபின், ஒரு மாதம் ஓட்டியபின் என்று மூன்று முறை இதே எண்களைச் சரிபார்க்கப் போகிறீர்கள்.

பிறகு முட்டு. சதுர எஃகுக் குழாயை இடவலமாக இரண்டு இடத்தில், வெட்டும் கோட்டுக்குக் கீழே, பக்கத்துக்குப் பக்கம் போல்ட் போட்டு இறுக்குங்கள். சறுக்குக் கதவு வாயிலிலும் மூலைவிட்டமாக ஒன்று. இது தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. வெட்டிய அரை மணிக்குள் சட்டம் உள்ளே போய்விடும் என்பார்கள். எனக்கு அந்த அரை மணி மூன்று நாளானது, மழை வந்ததால். முட்டு இருந்ததால் தூங்கினேன்.

குறிப்பதும் வெட்டுவதும்

ஃபைபர்கிளாஸ் ஓட்டினை, இன்னும் வெட்டாத கூரையின்மேலேயே ஒருமுறை வைத்துப் பாருங்கள். இதைத் தவிர்த்தவர்கள்தான் பிறகு விளிம்பை ஈயமும் பசையும் பூசி ஒப்பேற்றுகிறார்கள். முன்கண்ணாடி மேல்விளிம்பின் நடுவிலிருந்து பின்கதவின் நடுவுக்கு நூல் பிடித்து மையக்கோடு போடுங்கள். ஓட்டின் மையத்தை அதோடு பொருத்துங்கள். 45 ஆண்டுக்கு முன் கையால் அடித்துச் சீர் செய்த வண்டி. இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்குக் கிட்டோடு வந்த காகித அச்சு வண்டிக்கு 12 மி.மீ. தள்ளி நின்றது. அச்சை நம்பி வெட்டியிருந்தால் ஒரு பக்கம் சட்டம் உட்கார இடமே இருந்திருக்காது. அச்சு ஒரு யோசனைதான். சட்டத்தைக் கையில் எடுத்து, உள்ளிருந்து பிடித்து, அது தொடும் இடத்தைக் குறிப்பதே உண்மையான கோடு.

வெட்டும் கோட்டை மாஸ்கிங் டேப்பின்மேல் வரையுங்கள், பெயின்ட் உரியாது. மூலைகளைச் செங்கோணமாக விடவே கூடாது. தகட்டில் விரிசல் தொடங்குவது கூர்மூலையில்தான். கிட்டில் வேறு அளவு சொல்லாவிட்டால் குறைந்தது 50 மி.மீ. ஆரம் கொடுத்து வளையுங்கள்.

கருவி: அங்குலத்துக்கு 24 பல் உள்ள உலோக பிளேடு போட்ட ஜிக்சா, அல்லது தகட்டைக் கொத்திக் கொத்தி வெட்டும் நிப்ளர். கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்தான், பெரிய பல் உள்ள பிளேடு அதைக் கவ்வி உதறும். கிரைண்டர் வேண்டாம். அதன் பொறி கண்ணாடியில் ஒட்டினால் எடுக்க முடியாது, பெயின்ட்டில் ஒட்டினால் அடுத்த மாதம் துருப்புள்ளியாக முளைக்கும். கண்ணாடியும் காதடைப்பும் போட்டுக்கொள்ளுங்கள், ஜிக்சா தகட்டில் போடும் சத்தம் தெருவையே எழுப்பும்.

முதல் வெட்டு இறுதிக் கோட்டுக்கு 30 மி.மீ. உள்ளே. நான்கு பக்கமும் கைவிரல் அகலத்துக்கு வெட்டாமல் விட்டு, மேலே டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் அந்தத் துண்டுகளை வெட்டுங்கள். இல்லையென்றால் கடைசி முழத்தில் தகடு தொங்கி, பிளேடை உடைத்து, உங்கள் தலையிலும் விழும். இருவர் உள்ளே நின்று தாங்கட்டும். தகட்டுக்கு அடியில் கூரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் ஓடும். தகட்டை எடுத்ததும் அவற்றை எல்லாம் ஒரேயடியாக அறுக்காதீர்கள். ஒன்றை அறுத்ததும் அகல அளவைப் பாருங்கள், பிறகு அடுத்தது. அளவு மாறினால் நிறுத்தி முட்டுக் குழாயை இறுக்குங்கள்.

இரண்டாவது வெட்டில் இறுதிக் கோடு. பிறகு அரம் கொண்டு பிசிறு எடுத்து, விளிம்பை விரலால் தடவலாம் என்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள். அன்றைக்கே, வெளிச்சம் இருக்கும்போதே, எபாக்சி ப்ரைமர் பூசுங்கள். இரும்புத் தூளை வேக்குவம் கிளீனரால் ஒவ்வொரு சந்திலிருந்தும் உறிஞ்சுங்கள், பிறகு துணியில் சுற்றிய காந்தத்தால் துழாவுங்கள். நான் மழைநீர்ப் பள்ளத்தை மறந்தேன். மறுநாள் காலைப் பனியில் பள்ளம் நெடுக மஞ்சள் பூத்திருந்தது.

சட்டமும் ஒட்டும் பசையும்

உள்சட்டம் போல்ட் அல்லது வெல்டிங்கோடு, வாகனத்துக்கான பாலியூரித்தேன் பசையாலும் பிடிக்கும். பாத்ரூமுக்குப் பூசும் சிலிக்கானை வண்டி பக்கமே கொண்டுவராதீர்கள். அதன் பலம் போதாது, பூசிய இடத்தில் பிறகு எந்தப் பெயின்ட்டும் ஒட்டாது.

பசை ஒட்டும் இரு பரப்பையும் கரடாக்கி, பசைக் கம்பெனி சொல்லும் கிளீனரும் ப்ரைமரும் போட்டு, அது சொல்லும் நேரம் காத்திருங்கள். பசையை வரிசையாகப் பிதுக்கி, சட்டத்தை வைத்ததும் முழுக்க நசுக்கிவிடாதீர்கள். இரண்டு மூன்று மி.மீ. தடிமன் இடையில் நிற்க வேண்டும், அந்தத் தடிமன்தான் முறுக்கை வாங்கிக்கொள்ளும். ரப்பர்த் துண்டுகளை இடைவெளியாக வைப்பது நல்ல உத்தி. இந்தப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் காய்வது, வெளியிலிருந்து உள்ளே, நாளுக்குச் சில மி.மீ. வேகத்தில். குளிர்ந்த, வறண்ட நாளில் இன்னும் மெதுவாக. ஆகவே ஒரு வாரம் வண்டியை நகர்த்தாதீர்கள், முட்டுக் குழாய்களையும் எடுக்காதீர்கள். இந்த ஒரு வாரத்தில்தான் எல்லோருக்கும் கை அரிக்கும்.

முட்டுக் குழாய்களை எடுத்ததும் பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். கதவு இடைவெளி இரண்டு மி.மீ.க்கு மேல் மாறியிருந்தால் மேலே போகாமல் காரணம் தேடுங்கள்.

ஓடு, கீல், கேஸ் ஸ்ட்ரட்

கித்தான் இல்லாமலே ஓட்டினை மாட்டி, பத்து முறை திறந்து மூடிப் பாருங்கள். நான்கு பக்கமும் ரப்பர் சீல் ஒரே அளவில் நசுங்க வேண்டும். சீலின்மேல் சாக்பீஸ் தடவி மூடித் திறந்தால், தொடாத இடம் ஓட்டில் வெள்ளையின்றித் தெரியும்.

கேஸ் ஸ்ட்ரட் என்பது கூரையைத் தள்ளித் தூக்கும் வாயுத் தண்டு. அதன் பலத்தைக் கடைக்காரர் சொல்லுக்கு விடாமல் நீங்களே கணக்குப் போடலாம். ஓடு, படுக்கைப் பலகையின் கூரையோடு எழும் பகுதி, மேலே வைக்கும் சோலார் பலகை எல்லாம் சேர்ந்து 45 கிலோ என்று வையுங்கள். அதன் எடைமையம் கீலிலிருந்து 1.1 மீட்டர். கூரை பாதி எழுந்த நிலையில், ஸ்ட்ரட் தள்ளும் கோட்டுக்கும் கீலுக்கும் உள்ள செங்குத்துத் தூரம் 0.35 மீட்டர். 45-ஐ 9.81-ஆல் பெருக்கி, 1.1-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 486. இதை 0.35-ஆலும் ஸ்ட்ரட் எண்ணிக்கை 2-ஆலும் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 694 நியூட்டன். கடையில் கிடைக்கும் அடுத்த அளவான 700-ஐ எடுக்கலாம்.

மூடிய நிலையில் அந்தச் செங்குத்துத் தூரம் மிகக் குறைந்துவிடும், ஆகவே முதல் ஒரு சாணுக்குக் கையால் தள்ளித்தான் ஆக வேண்டும். அதைத் தவிர்க்கப் பெரிய ஸ்ட்ரட் போட்டால் கூரையை இழுத்து மூட இரண்டு ஆள் வேண்டும், ஃபைபர்கிளாஸ் ஓடும் வளையும். குளிரிலும் ஸ்ட்ரட் தளரும். உள்ளே இருப்பது வாயு என்பதால் 20 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு இறங்கினால் அதன் தள்ளு பலம் சுமார் 7 சதவீதம் குறையும். நவம்பர் காலையில் கூரை தானாக இறங்குகிறதே என்று பேயை நினைக்க வேண்டாம்.

ஸ்ட்ரட்டை மட்டும் நம்பி யாரும் மேலே படுக்கவும் வேண்டாம். திறந்த நிலையில் கூரையைப் பூட்டி நிறுத்தும் கம்பியோ கொக்கியோ தனியாக இருக்க வேண்டும்.

கித்தான்

வேலையில் பொறுமையைச் சோதிப்பது இது. கூரையை முழுதும் திறந்து, கித்தானை மேல்விளிம்பின் நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாற்றி மாற்றி அலுமினியப் பட்டை வைத்துத் திருகுங்கள். ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் கடைசி மூலையில் துணி போதாது அல்லது பை மாதிரி தொங்கும். மேல் முடிந்தபின் கீழ்விளிம்பைக் கவ்வி போட்டுத் தற்காலிகமாகப் பிடித்து, கூரையை மூடிப் பாருங்கள். துணி மடிந்து உள்பக்கம் விழ வேண்டும். வெளியே பிதுங்கினால் சீலுக்கும் ஓட்டுக்கும் நடுவில் நசுங்கும். கித்தானைச் சுற்றி நடு உயரத்தில் ஒரு எலாஸ்டிக் கயிறு ஓட்டினால் மூடும்போது அதுவே துணியை உள்ளே இழுக்கும். மலிவான, அருமையான தீர்வு.

பருத்தி கலந்த கித்தானாக இருந்தால் முதல் மழைக்கு முன் நீங்களே முழுக்க நனைத்துக் காயவிடுங்கள், இரண்டு முறை. நூல் ஊறி ஊசித்துளைகளை அடைக்கும். பிளாஸ்டிக் பூச்சுத் துணியைவிட இது மூச்சுவிடும், நாலு பேர் மூச்சு ஓர் இரவு முழுக்க அடைந்தால் எவ்வளவு தண்ணீர் என்பது காலையில்தான் தெரியும். எந்தத் துணியானாலும் கொசுவலை போட்ட ஜன்னல் எதிரெதிர்ப் பக்கம் இரண்டு இருக்கட்டும்.

தண்ணீர்ச் சோதனை

மூடிய கூரையில் தோட்டக் குழாயைப் பிடியுங்கள். கீழ்விளிம்பில் தொடங்கி மெதுவாக மேலே. முதலிலேயே உச்சியில் ஊற்றினால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு. பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், ஒரு துளி விடாமல் காட்டிக்கொடுப்பார்கள். முன்விளிம்பில் மட்டும் குழாயை அழுத்திப் பாய்ச்சுங்கள். மோட்டார்வேயில் மழை மேலிருந்து விழாது, எதிரிலிருந்துதான் வரும்.

படுக்கையும் காப்பும்

பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட், அடியில் குறுக்குச் சட்டம், மேலே 50 மி.மீ. ஃபோம். மூடிய கூரைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடத்தை முதலில் அளந்துவிட்டு மெத்தை வாங்குங்கள். வாங்கியபின் அளந்த ஒருவரை எனக்கு மிக நன்றாகத் தெரியும். பலகையில் சிறு துளைகள் போட்டால் மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்காது. எத்தனை கிலோ தாங்கும் என்று கிட்காரர் கொடுத்த எண்ணை மெத்தையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். இறங்கும் வாய்க்குக் குறுக்கே வலை கட்டாயம்.

மேலே ஆள் படுத்திருக்கும்போது கீழே அடுப்பு பற்றவைக்காதீர்கள். சூடும் புகையும் முதலில் போய்ச் சேரும் இடம் அதுதான், சுவரோ துணி. கார்பன் மோனாக்சைடு அலாரமும் புகை அலாரமும் இருக்கட்டும், தீயணைப்பான் கதவருகே. மேலிருந்து முன்கதவு வழியாக இறங்கி ஓட முடிகிறதா என்று இருட்டில் ஒருமுறை பிள்ளைகளோடு பழகிப் பாருங்கள்.

சாலைக்கு வந்தபின்

டி2 முழுத் தகடாக இருந்தபோதே சுமார் 1.95 மீட்டர் உயரம், இப்போது சில அங்குலம் கூடியிருக்கும். ஓட்டின் உச்சி வரை அளந்து அந்த எண்ணை ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். 2 மீட்டர் தடுப்புக் கம்பி போட்ட கார் நிறுத்தங்கள் இனி நமக்கு இல்லை. யூரோடனல் ரயிலில் 1.85 மீட்டரைத் தாண்டிய வண்டிகள் தனிப் பெட்டியில்தான் போகும், அது தகட்டுக் கூரைக்கும் அப்படித்தான் என்பதால் நமக்கு அங்கே புதிய நட்டம் இல்லை. இந்த வண்டிக்குப் பக்கக்காற்று என்றைக்கும் ஆகாது. எடை மேலே ஏறியபின் பாலங்களில் இன்னும் கொஞ்சம் வேகம் குறையுங்கள். ஓட்டின்மேல் மூட்டை முடிச்சுக் கட்டாதீர்கள்.

முதல் நூறு மைலுக்குப் பின் எல்லாத் திருகையும் இறுக்கிப் பாருங்கள். ஒரு மாதத்துக்குப் பின் சுவரில் எழுதிய அந்த எண்களை மீண்டும் அளங்கள். எங்கள் வேனில் சறுக்குக் கதவின் ஒரு மூலைவிட்டம் ஒரு மி.மீ. மாறியிருந்தது, அப்புறம் அசையவில்லை. அந்த எழுத்தை இன்னும் அழிக்கவில்லை, உள்தகட்டுக்கு அடியில் இருக்கிறது.

மழையில் முகாமிலிருந்து கிளம்ப நேர்ந்தால் நனைந்த கித்தானை மடித்து மூடித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த அன்றோ மறுநாளோ வாசலில் நிறுத்திக் கூரையைத் திறந்து காயவிடுங்கள். வேல்ஸிலிருந்து திரும்பிய ஒரு ஞாயிறு சோம்பலில் விட்டு, புதன்கிழமை திறந்தேன். கறுப்புப் புள்ளிகள் இன்னும் இடது ஜன்னலுக்குக் கீழே இருக்கின்றன.